இங்க வால்வு வேண்டாமுங்க

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கும் திவ்யா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் உறைக்கவில்லை. பம்பில் சந்தேகம் என்றால் என் நம்பர்தான்.

"அக்கா, நம்ம பழைய வேக்குவம் பம்புல எக்ஸாஸ்ட் வாய்க்கு மேல தமிழ்ல எழுத்து வார்த்திருக்குதுல்லீங்க? 'இங்க வால்வு வேண்டாமுங்க'ன்னு. புது மாடல்ல அதை எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. எக்ஸாஸ்ட் அடைச்சுதுன்னா இப்ப கன்ட்ரோலரே பம்பை நிறுத்திருதுங்க. அந்த எழுத்தை யாரு போட்டது, எதுக்குப் போட்டதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலீங்க."

ஒருத்தருக்கும் தெரியவில்லையாம்! எனக்குச் சுருக்கென்றது. குஜராத்துக்குப் போன பம்பில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அதுதான் கம்பெனியின் பெயர் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. அது கூடப் பரவாயில்லை. பீளமேட்டில் அந்த வார்ப்பு இறங்கும் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு தெரியவில்லை என்றால் எப்படி? "எழுதி அனுப்பறேன் கண்ணு, எல்லாருக்கும் படிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதனால்தான் இது.

வேக்குவம் பம்பு தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மூடிய தொட்டியில் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. நீங்கள் வாங்கும் காற்றில்லாத மசாலாப் பொட்டலம், ஆஸ்பத்திரியில் நோயாளியின் சளியை உறிஞ்சும் குழாய், வீட்டுக் கிணற்று மோட்டாரின் காயிலுக்குள் இறங்கியிருக்கும் வார்னிஷ் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு மூலையில் இது ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் பம்பு என்றாலே தண்ணீர்தான். ஆகவே இதைக் 'காத்துப் பம்பு' என்பார்கள். அதை நிறுவி ஓட்டிக் காட்டப் போகும் நான் காத்துப் பம்புக்கார அம்மணி.

என் பெயர் அமலா. தொண்டாமுத்தூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தார்கள். எங்கள் கோயில் ஃபாதர் பிடிவாதமாகப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்ததும் இந்தக் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை கிடைத்தது. பம்பை ஓட விட்டு, சூடு பார்த்து, சத்தம் பார்த்து, எண்ணெய்க் கசிவு பார்த்து அனுப்பும் வேலை. கூரைக்கு அடியில் நடக்கிற வேலை என்பதால் பெண்பிள்ளை அங்கேயே இருந்துகொள்ளட்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளியிடங்களுக்குப் போய்ப் பம்பை நிறுவும் பிரிவுக்கு என்னைக் கேட்டு வாங்கியவர் நஞ்சப்பன் சார். அந்தப் பிரிவின் தலைவர் அவர். மேனேஜர் முகம் சுளித்தபோது அவர் சொன்னாராம்: "அந்தப் புள்ளை எண்ணெய் மட்டத்தை ஒருக்கா பாக்குது, நவுந்து போயிட்டுத் திரும்பி வந்து மறுக்காவும் பாக்குதுங்க. எனக்கு அந்த மாதிரி ஆளு வேணுமுங்க."

இதை ஒருவர் சொல்லி நான் கேள்விப்பட்ட அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

நஞ்சப்பன் சார் ஒல்லியான ஆள். இரண்டு பை வைத்த பருத்திச் சட்டைதான் போடுவார். இடது பை பேனாவுக்கு, வலது பை ஃபியூஸுக்கு. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் பம்பின் பக்கம் திரும்புவதற்கு முன்னால் சுவிட்ச் போர்டுக்குப் போவார். மெயினை அணைத்து, ஃபியூஸ்களைப் பிடுங்கி வலது பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த ஊர்க் கலெக்டரே வந்தாலும் அவரைக் கேட்காமல் பம்பு ஓடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பம்பைச் சுற்றி ஒரு நடை நடப்பார். தொடமாட்டார். தரை மட்டமாக இருக்கிறதா, மோட்டாரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக இடம் இருக்கிறதா, தொட்டியிலிருந்து வரும் குழாயின் பாரம் பம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பம்பில் எண்ணெய் பார்க்கும் கண்ணாடிக்கு நேராகக் குனிந்து எண்ணெய் மட்டம். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு எக்ஸாஸ்ட் குழாய். அதாவது பம்பு உறிஞ்சிய காற்று வெளியேறும் வழி. "அதைக் கண்ணால பாத்தா பத்தாதுங்க, கூடவே நடந்து போகோணும்" என்பார். பம்பின் வாயில் தொடங்கி, சுவரைத் தாண்டி, கூரைக்கு வெளியே அந்தக் குழாய் முடியும் இடம் வரைக்கும் நடப்பார், ஏணி போட்டு ஏறுவார். குழாய் எங்கேயும் குறுகக் கூடாது. பம்பிலிருந்து விலகிச் சரிந்து போக வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் குளிர்ந்த ஈரம் திரும்பி வந்து எண்ணெயில் விழுந்து எண்ணெய் மோராகிவிடும். முனை மழைக்குத் தலைகுனிந்திருக்க வேண்டும். பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று கூடக் கையை விட்டுப் பார்ப்பார்.

அதற்கப்புறம்தான் ஃபியூஸ் பையிலிருந்து வெளியே வரும். சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி மோட்டாரை உடனே நிறுத்தி, அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா என்று பார்ப்பார். தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுப்பார். தொட்டிப் பக்க வால்வை மூடி வைத்தே பம்பைச் சூடாக விடுவார். பிறகு மெல்லத் திறப்பார். நிறுத்துவதற்கும் முறை உண்டு. தொட்டிப் பக்கத்தை மூடி, மோட்டாரை நிறுத்தி, பம்புக்குள் காற்றை விட வேண்டும். மறந்தால் பம்பின் எண்ணெயைத் தொட்டி குடித்துவிடும். தொட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்காத ஆளை அவர் இரண்டாம் முறை கூட்டிக்கொண்டு போனதில்லை.

அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. கூலியாளைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். ஆனால் முறை தவறியதை ஒப்புக்கொள்ளச் சொன்னால், "அது வேண்டாமுங்க" என்பார். எதிராளி கத்துவார், கெஞ்சுவார், மேலிடத்துக்குப் போன் செய்வார். சார் அதே குரலில், அதே சிரிப்போடு, "வேண்டாமுங்க" என்பார். கடைசியில் எதிராளிக்குத் தொண்டை வற்றிவிடும்.

அவருடைய சட்டங்களில் எல்லோரும் கேலி செய்த ஒன்று உண்டு. பம்பை ஓட்டிக் காட்டி, நிறுத்திக் காட்டி முடிக்கும் வரை அந்த இடத்தில் கை நனைக்கக் கூடாது. காப்பித் தண்ணி கூடக் கூடாது. தாகமெடுத்தால் நம் பாட்டில். கொங்கு நாட்டில் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பும் வீடு கிடையாது. வேண்டாம் என்பவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் காரணம் கேட்டேன். "அந்தம்மா பாத்துப் பாத்துப் பரிமாறியிருப்பாங்க. தின்னுபோட்டு வந்து, உங்க ஊட்டுக்காரரு போட்ட குழாய் தப்புங்கன்னு சொல்ல நமக்கு வாய் வராதுங்க அமலா" என்றார்.

நான் தனியாகப் போய்ச் சரிசெய்து ஓட்டிக் கொடுத்த முதல் பம்பு வால்பாறையில். தேயிலைத் தூள் பொட்டலம் போடும் இடம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி, இறங்கும்போது எனக்குத் தலை பம்பைவிட வேகமாகச் சுற்றியது. பம்பு கொஞ்ச நேரம் ஓடினாலே கொதிக்கிறது என்று புகார். போய்ப் பார்த்தால் பம்புக்குக் கோட்டை கட்டியிருந்தார்கள்! தடித்த சுவர், இரும்புக் கதவு, ஜன்னலே கிடையாது. எண்ணெய் கருகிய வாடை வாசலிலேயே அடித்தது. "ஏனுங்க இப்படி?" என்றால், "ஆனை வருமுங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர். நியாயமான பதில்தான். துதிக்கை எட்டாத உயரத்தில் இரண்டு பக்கமும் சுவரை உடைத்து ஓட்டை போட்டு, ஒன்றில் காற்றாடி வைக்கச் சொன்னேன். துதிக்கை எவ்வளவு உயரம் எட்டும் என்பது பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுக்காத கணக்கு. அதை அங்கிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்கள். அந்தப் பம்பு அதற்கப்புறம் கொதிக்கவில்லை.

இனி அந்த எழுத்துக்குக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

போத்தனூருக்கு அந்தப் பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலை. மோட்டார் காயில்களைத் தொட்டிக்குள் இறக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, வார்னிஷை விடும் வேலை. காற்று இல்லாத இடுக்கில் எல்லாம் வார்னிஷ் இறங்கிக்கொள்ளும். முதலாளி கதிர்வேல் என்ஜினியரிங் படித்த இளைஞர். தோட்டம் துரவு உள்ள குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் தொழிலில் இறங்கியிருந்தார்கள். அவருடைய அப்பா சென்னியப்பன். பெரியவர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் யார் கிணற்றில் மோட்டார் இறக்கினாலும் பெரியவர் போய் நின்றால்தான் தண்ணீர் வரும் என்று பேர். மகனுடைய பம்புக்கும் குழாய் வேலை முழுவதையும் அவரே பக்கத்தில் நின்று செய்திருந்தார்.

முந்தின நாளே போய்ப் பரிசோதிப்பதாகத்தான் ஏற்பாடு. கரண்ட் கனெக்ஷன் தாமதமாகி, திறப்பு விழா அன்று காலையில்தான் வந்தது. நான் போய் இறங்கும்போது வாசலில் வாழை மரம், தோரணம், கார்கள், பட்டுச் சேலைகள். நான் சேலைக்கு மேல் கம்பெனி கோட்டைப் போட்டுக்கொண்டு கையில் டூல் பெட்டியோடு போனேன். பெரியவர் வெள்ளை வேட்டி சட்டையில் வாசலுக்கே வந்தார்.

"வாங்க அம்மணி, வாங்க. எந்தூருங்க?"

"தொண்டாமுத்தூருங்க."

"அப்படிங்களா! யாரு தோட்டமுங்க?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, கேட்காமல் இருப்பதும் இல்லை. "எங்களுக்குத் தோட்டம் இல்லீங்க. எங்கப்பா தோட்டத்துல வேலை செஞ்சவருங்க" என்றேன். அவர் என் கோட்டையும் டூல் பெட்டியையும் பார்த்தார். பிறகு, "செரி வாங்க, முதல்ல சாப்புடுங்க" என்று பந்தியைக் காட்டினார்.

முதல் பந்தியில் எனக்கு இலை போட்டிருந்தது. என் அப்பா வேலை செய்த தோட்டத்தில் ஆயுள் முழுக்க அவருக்கு ஒரு இலை விழுந்ததில்லை. மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் நின்று, கொண்டுபோன தூக்குப்போசியில் வாங்கிக்கொள்வார். இங்கே ஒரு பண்ணையக்கார வீட்டில் எனக்கு இலை காத்திருக்கிறது, நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அந்த இலையில் உட்கார ஆசையாக இருந்தது. பசியால் மட்டும் இல்லை.

"பம்பு ஓடட்டுங்க. அப்பறம் நானே கேட்டு வாங்கிச் சாப்புடறேனுங்க."

பெரியவர் முகம் மாறியது. "ஏனுங்க, எங்க ஊட்டுச் சோறு ஆகாதுங்களா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க. எங்க சார் போட்ட சட்டமுங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் சுவிட்ச் போர்டுக்குப் போய் ஃபியூஸ்களைப் பிடுங்கி கோட்டின் வலது பையில் போட்டுக்கொண்டேன்.

பம்பு அறை அவ்வளவு அழகு. ரசமட்டம் வைத்துப் போட்ட மேடை, துளி சாய்வு கிடையாது. காற்றோட்டம் சரி. எண்ணெய் மட்டம் சரி, நவுந்து போய்த் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன், சரி. தொட்டிக் குழாய்க்குத் தனித் தாங்கி கொடுத்திருந்தார். கம்பெனி ஆளே இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான். மனதுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டே எக்ஸாஸ்ட் பக்கம் திரும்பினேன். நெஞ்சு உயரத்தில், குழாயின் நடுவில், பளபளவென்று ஒரு கேட் வால்வு உட்கார்ந்திருந்தது. சிவப்புச் சக்கரம். பம்பைவிட அதற்குத்தான் சந்தனம் குங்குமம் அதிகம், மல்லிகைச் சரமும் கட்டியிருந்தது.

"அது டெலிவரி வால்வுங்க" என்றார் பின்னால் வந்து நின்ற பெரியவர். குரலில் பெருமை. "உங்க ஆளுக தந்த படத்துல விட்டுப் போச்சு. நானா வாங்கி வெச்சுப்போட்டேன்."

கொங்கு நாட்டுக்காரனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாரைப் போடத் தெரியாத ஆள் கிடையாது. டெலிவரி வால்வை மூடி வைத்து மோட்டாரைப் போட வேண்டும், வேகம் பிடித்த பிறகு மெல்லத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் மோட்டாருக்குப் பளு ஏறாது. அது சரியான முறை, நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே வந்துவிடுகிற முறை. ஆனால் காற்றைத் தள்ளுகிற பம்பில் வெளியேறும் வழியை மூடினால் காற்று உள்ளேயே நெருங்கி நெருங்கி அழுத்தம் ஏறும். முதலில் உடைவது எண்ணெய் பார்க்கும் கண்ணாடி. கொதிக்கிற எண்ணெய் எதிரே நிற்பவர் முகத்தில் அடிக்கும். விழாவுக்காகப் போட்டிருந்த கோலமும், வெற்றிலைத் தட்டு வைத்த ஸ்டூலும், பெரியவரின் மருமகள் பம்பைத் தொடங்கிவைக்க நிற்பதற்கு என்று குறித்திருந்த இடமும் அந்தக் கண்ணாடிக்கு நேர் எதிரே.

"இந்த வால்வு வேண்டாமுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

கதிர்வேல் வந்தார். விஷயத்தைக் கேட்டார். படித்தவர், சட்டென்று புரிந்துகொண்டார். "செரிங்க மேடம், தப்புத்தான். இன்னிக்கு ஒரு நாளைக்குத் தொறந்தே வெச்சு ஓட்டிக்கலாம். நாளைக்குக் கழட்டிடறோம். நல்ல நேரம் முடியப் போகுது பாருங்க." அதற்குள் எங்கள் விற்பனைப் பிரிவிலிருந்தும் எனக்குப் போன். "தொறந்து வெச்சா ஒண்ணும் ஆகாதுல்லம்மா? நூறு பேரு வந்திருக்காங்களாம். பெரிய குடும்பம், பகைச்சுக்காதே" என்றார் அந்த மனிதர்.

அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. திறந்திருந்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அது வால்வு. மூடுவதற்கென்றே செய்த பொருள். "வேண்டாமுங்க" என்றேன். உறவுக்கூட்டம் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "பொம்பளையை அனுப்பினா இப்படித்தான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சாப்பிடாததும் சேர்ந்துகொண்டது, "அப்பவே இலையில உக்காரலையாமே." என் கை கோட்டுப் பைக்குள் போய் ஃபியூஸ்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்திருந்தால் அதற்கப்புறம் என் 'வேண்டாமுங்க'வுக்கு எந்தத் தொழிற்சாலையிலும் மதிப்பு இருந்திருக்காது. அதைவிட, மருமகளின் முகம் என் கண்ணிலேயே நின்றது.

அப்போது நான் அதைப் பார்த்தேன்.

"சித்த நேரம் எல்லாரும் பேசாம இருங்க" என்றேன். "பெரியவரு கையைப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவர் வால்வு பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே, அவருடைய வலது கை சிவப்புச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூடிக்கொண்டிருந்தது. மோட்டார் போடப் போகிறார்கள் என்று அந்தக் கைக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். திறந்தே வைப்பது என்று மகன் சொல்லி வாய் மூடவில்லை, அப்பாவின் கை முக்கால்வாசி மூடிவிட்டது.

பெரியவர் தன் கையையே பார்த்தார். சூடு பட்டது போலச் சக்கரத்தை விட்டார். கூட்டத்துக்கு நடுவில் அந்த மனிதர் முகம் சிறுத்துப் போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"கெணத்து மோட்டாருக்கு நீங்க செய்யறது ரொம்பச் செரிங்க. ஆனா உங்க போர்வெல்லுக்குக் கம்ப்ரசர் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க, ரெண்டு."

"அதுல காத்துப் போற வழியை மூடிட்டுப் போடுவீங்களா?"

"மூடினா வெடிச்சுப் போயிருமே!" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பம்பைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அதற்கு நேரே போட்டிருந்த கோலத்தைப் பார்த்தார். "அப்ப இது பேருதான் பம்பு. இதும் அந்த சாதிதானுங்களா?"

"ஆமாங்க."

"அட என்ற சாமி" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகளைக் கூப்பிட்டு, "நீ அந்தப் பக்கம் வந்து நில்லு கண்ணு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்பானர் வெச்சிருக்கீங்களா?" என்றார்.

வால்வைக் கழற்றினால் நடுவில் போட வேறு குழாய்த் துண்டு இல்லை. நல்ல நேரமும் அதிகம் மிச்சமில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தவர் அவர்தான், எனக்குத் தோன்றவில்லை. கேட் வால்வுக்குள் ஏறி இறங்குவது ஒரு பித்தளைக் கதவு. மேல் மூடியைத் திறந்து கதவை மட்டும் உருவிவிட்டு மூடியைத் திரும்பப் போட்டால் வால்வு வெறும் குழாய்தானே? வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். மல்லிகைச் சரத்தை அறுத்துப் பக்கத்தில் வைத்தார். போல்ட்டுகளைக் கழற்றி, கதவை உருவி, மூடி கசியாமல் இருக்க வைத்திருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்து முறுக்கினோம். சக்கரத்தையும் கழற்றிவிடச் சொன்னேன், திருப்புவதற்கு ஒன்று இருந்தால் யாராவது திருப்புவார்கள். அந்தப் பித்தளைக் கதவை வேட்டி நுனியில் துடைத்து என் கையில் கொடுத்தார். "உங்க பையில போட்டுக்கங்க அம்மணி. ஃபியூஸ் கூட இதும் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எக்ஸாஸ்ட் குழாயோடு கூரை வரை நடந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கதிர்வேல். இறங்கி வந்து ஃபியூஸைப் போட்டேன். ஒரு தட்டு, சுற்றும் திசை சரி. பம்பு எடுத்துக்கொண்டது. சூடானதும் மருமகள் தொட்டி வால்வை நான் சொன்ன வேகத்தில் திறந்தாள். முள் அசைந்தது, சரியத் தொடங்கியது, கீழே போய்ப் படுத்துக்கொண்டது. பம்பின் சத்தம் மாறி அடங்கிய அந்த நிமிடம் எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காத ஒன்று. வெளியே யாரோ நாதஸ்வரக்காரருக்குச் சைகை காட்டினார்கள். நான் நிறுத்தியும் காட்டினேன், முறைப்படி.

மறுநாள் நஞ்சப்பன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கை மூடிய இடம் வந்தபோது எழுந்து நின்றுவிட்டார். "நாம பேப்பர்ல எழுதிக் குடுக்கறோமுங்க. கை பேப்பர் படிக்காதுங்களே" என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்யும் பிரிவுக்குப் போனார். எக்ஸாஸ்ட் வாய்க்கு மேலே, ஸ்பானர் போடுகிற ஆளின் கண்ணில் படுகிற இடத்தில் எழுத்து வர வேண்டும் என்றார். என்ன எழுத்து என்று ஆசாரி கேட்டபோது சார் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க." நான் சொன்னேன். ஆசாரி சிரித்தார். இரும்புக்கு எதுக்கு மரியாதை, 'வால்வு கூடாது' என்று போட்டால் போதாதா என்றார். சார் சிரிப்போடு, "அது வேண்டாமுங்க" என்றார்.

அப்படி வந்ததுதான் திவ்யா, அந்த எழுத்து. நம் பம்பு போன ஊர் எல்லாம் அது போயிருக்கிறது. புது மாடலில் அதை எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு. கன்ட்ரோலர் நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற ஆள் நம் ஊரிலேயே இருக்கிறான் என்பது உனக்கும் தெரியும். என்னைக் கேட்டால் எழுத்து இருக்கட்டும். இது நான் ஆசையில் சொல்வதும்தான், மறைப்பானேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ பம்புகளை ஓட்டிக் கொடுத்தேன், ஒன்றில்கூட ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அந்தப் பித்தளைக் கதவு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் நான் சாரிடம் சொல்லவில்லை.

பம்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது பந்தி முடிந்திருந்தது. பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று சொன்னது வாய்ப்பேச்சுத்தானே. பெரியவர் வாசலில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கக் கிரீஸ்.

"எங்க போறீங்க? எலை போட்டாச்சு."

திரும்பிப் பார்த்தேன். காலிப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை.

"நீங்க இன்னும் சாப்புடலீங்களா?" என்றேன்.

"ஊட்டுக்கு வந்தவங்க கை நனைக்காம நிக்கையில நான் எப்படிங்க உக்காருவேன்?" என்றார்.

தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். "கையை நீட்டுங்க அம்மணி" என்றார். நீட்டினேன். எண்ணெய் போகும் வரை மெல்ல ஊற்றினார். எனக்குக் கண் கரித்தது, அப்பாவின் தூக்குப்போசி ஞாபகம் வந்தது. சொம்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவரும் கையை நீட்டினார். அவர் கைக்கு நான் ஊற்றினேன்.